நான் சுடவைத்த ஆறு பேர்

என் கட்டுரையில் அவர் ஆறு ஜெர்மானியர்களைச் சுட்டு வீழ்த்தினார். இத்தாலியில் இருந்த காலம் முழுக்க அவர் எதிரியை நோக்கி ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. இதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். சொன்ன பிறகுதான் நான் அவரை ஆறு பேரைச் சுட வைத்தேன். ஏன் ஆறு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. மூன்று குறைச்சலாகப் பட்டது. பத்து என்றால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது.

அது 1995. உலகப் போர் முடிந்து 50 வருஷம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் மலர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட மலர், சங்க மலர், கருட சேவைக்கு ஒரு மலர். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்காரப் பிடிக்காமல் பேனாவைப் பிடித்துக்கொண்டவன் நான். அதனால் யார் மலர் போட்டாலும் என்னிடம் வந்துவிடுவார்கள். நெசவாளர் அமைப்பு ஒன்றின் மலரில் 'நம்ம ஊர்ப் போர்வீரர்' என்று ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் தெருவில் மிலிட்டரி தாத்தா இருந்தார்.

பெயர்தான் மிலிட்டரி. ஆளைப் பார்த்தால் சொல்ல மாட்டார்கள். ஒடிசலான உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, காதில் ஒரு பீடி. 70 வயதைத் தாண்டியும் பாவு பிணைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய பாவு முடியும் இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவர் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவார்.

அவர் வீட்டுத் தறி மேடையில் உட்கார்ந்துதான் அவரைப் பேட்டி எடுத்தேன். பக்கத்தில் அவர் மனைவி, எங்களுக்கு ஆயா, நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்கு ஏன் போனீர்கள் என்பது முதல் கேள்வி. 'தாய்நாட்டைக் காக்க' என்ற பதிலை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"தறி நின்னுபோச்சுபா. அதான் போனேன்" என்றார். "தேசத்துக்காகன்னுலாம் எழுதிடாத. எந்த தேசத்துக்குப் போறேன்னு எனக்கே தெரியாது."

அவர் சொன்னது ஊருக்கே நடந்தது. போர்க்காலத்தில் நூல் தட்டுப்பாடு நெசவாளர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மைசூர்ப் பட்டைப் பாராசூட் செய்ய எடுத்துக்கொண்டார்கள். புடவைக்குப் பட்டு கிடைப்பது குதிரைக்கொம்பானது. பட்டு வானத்துக்குப் போயிற்று, நெய்தவன் பட்டாளத்துக்குப் போனான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு வாக்கியம் தோன்றியிருந்தால் தப்பித்திருப்பேன். தோன்றவில்லை. நான் சண்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

1942-இல் சேர்ந்திருக்கிறார். பெங்களூரில் பயிற்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பட்டாளத்தில் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், இன்றைக்கும் அப்படித்தான். பாலம் கட்டுவது, சாலை போடுவது, தண்ணீர் இறைப்பது, எதிரி புதைத்து வைத்த வெடியைத் தேடி எடுப்பது எல்லாம் சாப்பர் வேலை. பம்பாயில் கப்பலேறி எகிப்து, அங்கிருந்து இத்தாலி. 1944 தொடக்கத்தில் கசீனோ மலைக்குக் கீழே, மழையிலும் சேற்றிலும் நேச நாட்டுப் படைகள் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் அவர் இருந்தார். மலைமேல் இருந்த பழைய மடாலயத்தின் மீது பிப்ரவரி 15 அன்று விமானங்கள் குண்டு போட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். "கோயிலப் போய் இடிக்கிறாங்களேன்னு எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர் சொன்னது. அதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

"துப்பாக்கி குடுத்தாங்களா தாத்தா?"

"குடுத்தாங்க. தொடச்சி வெச்சேன்."

"சுடலையா?"

"என் வேலை மைன் எடுக்கறதுபா."

வேறு வழியில்லாமல் மைன் எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்து, பற்ற வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு மிஷின் இருக்கும். அடியில் இரும்பு இருந்தால் கத்தும். ஜெர்மன்காரன் கெட்டிக்காரன், மரப்பெட்டியில் வெடியை வைத்துவிட்டான். அதற்கு மிஷின் கத்தாது. கவிழ்ந்து படுத்து, பயனெட்டைச் சாய்வாக மண்ணில் விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், அவ்வளவுதான். சாய்த்து விட்டால் பக்கத்தில் தட்டும். தட்டியதும் நிறுத்தி, மண்ணை விரலால் விலக்க வேண்டும். தேடி முடித்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் துணிப்பட்டை போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிறவர்கள் அந்தப் பட்டைக்குள்ளேயே நடப்பார்கள்.

"பாவுல இழை அறுந்தா கண்ணு தேடாது, விரலுதான் போய் நிக்கும். அப்டிதான் அதுவும்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "குளுருதான் பயம். விரலு மரத்துப்போச்சுன்னா ஒண்ணும் தெரியாது. கக்கத்துல கைய வெச்சிக்கினே இருப்போம். சாவு பயம்லாம் அப்புறம்தான்."

ஆயா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் இதை முதல் தடவையாகத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் 'சண்டை?' என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் கேள்விக்குறி.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "என்னப் பத்தி இன்னா இருக்குது? எங்க சுபேதார் ஒருத்தரு இருந்தாரு, நம்ம பக்கத்து ஆளு, கீழ ஒட்டிவாக்கம். மைன் மேலயே படுத்துட்டாரு. அவரப் பத்தி எழுது." அந்த சுபேதார் எந்தக் கம்பெனி, தன் கம்பெனி எது, தன் பட்டாள எண் என்ன என்பதையெல்லாம் ரேஷன் கார்டு எண் ஒப்பிப்பதுபோல மளமளவென்று சொன்னார். 50 வருஷம் கழித்தும் அந்த எண்களில் ஓர் இலக்கம் தடுமாறவில்லை. நான் பேனாவை மூடிவிட்டிருந்தேன். எண்களைப் போட்டால் வாசகர்களுக்குச் சலிக்கும் என்பது என் தொழில் ரகசியம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரு ராத்திரியில் முடித்துவிட்டேன். கட்டுரை அருவியாகக் கொட்டியது, கொட்டியதில் பாதி என் கற்பனை. சாப்பர் என்றால் யாருக்குத் தெரியும் என்று 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று மாற்றினேன். அதைத்தான் எல்லோருக்கும் தெரியும். பாறைக்குப் பின்னால் பதுங்கினார், பாய்ந்தார், ஆறு பேர் சாய்ந்தார்கள். சினிமா பார்த்து வளர்ந்த கைக்கு இதெல்லாம் தானாக வரும். கீழ ஒட்டிவாக்கத்து சுபேதார் செத்துப்போனவர், எங்கள் தெருக்காரரும் இல்லை. விட்டுவிட்டேன். மலர்க் குழுவில் படித்தவர்கள் என் முதுகைத் தட்டினார்கள்.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மிலிட்டரி தாத்தாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை, மேடையில் நாற்காலி, பொன்னாடை. பேசியவர் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு பேரை இன்னும் விரிவாகச் சாகடித்தார். தாத்தா முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்து காப்பி கொடுக்கும்போதுதான் அது நடந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வயசான மனிதர் ஒருவர், நிமிர்ந்த நடை, பார்த்தாலே பட்டாளம் என்று தெரியும். மலரைக் கையில் வைத்துக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மெட்ராஸ் ரெஜிமெண்டாங்க? நானும்தான். நீங்க எந்த பட்டாலியன்?"

தாத்தா ஒரு நொடி பேசவில்லை. "நான் சாப்பருங்க" என்றார்.

வந்தவர் மலரைப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். மறுபடியும் மலரைப் பார்த்தார். "அப்ப இது?" என்று அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். அந்த விரல் என் பெயருக்கு மிக அருகில் இருந்தது.

நான் இரண்டடி தள்ளி காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். 'ஐயா, அது என் தப்பு, நான்தான் மாத்தி எழுதிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மலர்க் குழுக்காரர்கள் சுற்றி நின்றார்கள், பேசிய பிரமுகரும் நின்றார். தாத்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

அவர் அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "எனக்குப் படிக்க வராதுங்க. இன்னா எழுதிக்கீதுன்னு தெரியாது" என்றார்.

தினமும் காலையில் டீக்கடையில் நாலு பேருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவர் அவர். தெருவுக்கே தெரியும்.

வந்தவர் மரியாதையான ஆள். சரிங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் போனவர் சும்மா இருப்பாரா? 'காஞ்சிபுரத்துல ஒருத்தர் சும்மா அளக்கிறார்' என்ற பேச்சு கொஞ்ச நாளில் எங்கள் டீக்கடைக்கே வந்து சேர்ந்தது. பசங்கள் "இன்னா தாத்தா, ஆறா ஏழா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேலிதான், பெரிய விரோதம் ஒன்றுமில்லை. அவர் பட்டாளப் பேச்சை விட்டுவிட்டார். நான் ஒருமுறை அசட்டுத் தைரியத்தில் போய், "தாத்தா, இன்னொரு தடவை சரியா எழுதிடலாம், சொல்லுங்க" என்றேன். அவர் பாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயே எழுதிக்கோபா. நல்லாத்தான் எழுதற" என்றார். கிண்டலா, பாராட்டா என்று குரலில் தெரியவில்லை. ஆயாதான் மோர் கொடுத்து அனுப்பினார்.

சில வருஷங்களில் அவர் போய்விட்டார். மழைக்கால முடிவில், இரண்டு நாள் காய்ச்சலில்.

போருக்கென்று சேர்த்துக்கொள்ளப்பட்டு, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் என்றால் 15 வருஷ சேவை வேண்டும். போரின் உச்சத்தில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் 1946, 47-இல் கையில் கொஞ்சம் பணத்தோடும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் ஊர் திரும்பியவர்கள். இப்படி ஓய்வூதியம் இல்லாத உலகப் போர் வீரர்களுக்கும், அவர்கள் காலத்துக்குப் பின் மனைவிக்கும், மாநில அரசு மாதா மாதம் ஒரு தொகை தருகிறது. தாத்தா இருக்கும்போது அதை வாங்கவில்லை. தறி ஓடியது, பிணைக்கப் பாவு வந்தது. கடைசி வருஷங்களில் அவரிடம் போய் பட்டாளம் என்று யாரும் வாயெடுக்க முடியாத நிலையை நான் உண்டாக்கியிருந்தேன்.

ஆயாவுக்காவது வாங்கிக் கொடுக்கலாம் என்று அவருடைய பேரன் என்னைக் கூப்பிட்டான். எழுதத் தெரிந்தவன் அல்லவா? மனு எழுதினேன். ஆயாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆயாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டார். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா? வீடு இடித்துக் கட்டியபோது டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது என்றார் ஆயா. பட்டாள எண்? தெரியாது. எந்தக் கம்பெனி? தெரியாது. எண் இருந்தால் பெங்களூருக்கு எழுதிக் கேட்கலாம், வேறு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்றார்.

ஆயா முகம் மலர்ந்து, "கீது சார்" என்றார்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பட்டுப் புடவைக்குக் கடையில் சுற்றித் தரும் வெள்ளைத் துணி. அதைப் பிரித்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அந்த மலர். மூலைகள் மடங்காமல், மஞ்சள் ஏறாமல், வெளியீட்டு விழா அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பக்கத்தைத் தேடக்கூட இல்லை, அது தானாக அந்த இடத்தில் திறந்துகொண்டது. ஆயா அதை அவர் பக்கம் திருப்பி வைத்து, என்னைக் காட்டி, "இவருதான் எழுதினாரு. எல்லாம் இதுல கீது" என்றார்.

அவர் படித்தார். முழுக்கப் படித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும் என்பதால், அவர் எந்த இடத்தில் இருப்பார் என்று கணக்குப் போட முடிந்தது. இப்போது பாறை. இப்போது பாய்ச்சல். இப்போது ஆறு.

படித்து முடித்து மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மனுவுல சாப்பர்ஸ்னு எழுதியிருக்கீங்க. இதுல மெட்ராஸ் ரெஜிமெண்ட்னு இருக்கே?"

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். மனு உண்மை, மலர் பொய் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மலரைத் துணியில் அவரே சுற்றி ஆயாவிடம் கொடுத்து, எண் கிடைத்தால் வாங்கம்மா என்றார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு தாள். அந்த மனிதரின் நாலு வருஷ சேவையைப் பற்றி உலகத்தில் மிச்சமிருந்த ஒரே தாள் என்னுடையது.

ஆயாவுக்கு நடந்தது முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது, "அவரு சுடவே இல்லன்னுதான் என்கிட்டயும் சொன்னாரு. நீ எழுதிக்கிறியேன்னு, எனக்குப் பயந்து சொல்லலையோன்னு நெனச்சேன்" என்றார். 50 வருஷம் கூட வாழ்ந்தவரின் பேச்சைவிட என் அச்செழுத்தை அவர் நம்பியிருந்தார்.

எண்ணைத் தேடினேன். யாரிடமும் இல்லை. தேடும் சாக்கில் மெட்ராஸ் சாப்பர்ஸ் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். அதில்தான் அந்த சுபேதாரைச் சந்தித்தேன். சுபேதார் சுப்பிரமணியன், 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. சொந்த ஊர் கீழ ஒட்டிவாக்கம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரமும் அப்போது அதே மாவட்டம்தான். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போயிருக்கிறார். குழுவில் ஒருவரின் கால் வெடி ஒன்றின் மேல் பட்டுவிட்டது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது, சில விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த விநாடிகளில் சுபேதார் அதன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. எதிரியை நேருக்கு நேர் பார்க்காத இடத்தில் காட்டும் வீரத்துக்கு, விக்டோரியா கிராஸுக்குச் சமமாக 1940-இல் ஏற்படுத்திய விருது அது. அதைப் பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறையில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களின் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது.

அவரும் யாரையும் சுட்டு அந்த விருதை வாங்கவில்லை.

தாத்தா அன்றைக்கு அங்கே இருந்தாரா? அதே கம்பெனியா, பக்கத்துக் கம்பெனியா? பிழைத்தவர்களில் ஒருவரா, அல்லது முகாமில் கேள்விப்பட்டவரா? நான் பேனாவை மூடிய பிறகு மளமளவென்று சொன்ன எண்களில் இதற்கெல்லாம் பதில் இருந்திருக்கும். 11 என்று சொன்னாரா என்று எத்தனையோ இரவுகள் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்ன மாதிரி இருக்கிறது. ஆனால் என் ஞாபகம் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுத மாட்டேன்.

ஆயாவுக்கு அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை. தார் சுற்றித்தான் சாப்பிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர், எல்லோரும் நூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். ஆனால் 1965-க்கும் 1971-க்கும் போனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 1987-இல் இலங்கைக்குப் போனவர்கள் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். பட்டாள எண், படைப்பிரிவு, கம்பெனி, சேர்ந்த வருஷம், வெளிவந்த வருஷம் இவற்றைக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவர் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.